பேழையில் ஏறிய உயிர்களும் எங்கள் தீவின் தேவாங்கும்

பெருவெள்ளத்திலிருந்து தப்ப நோவா கட்டியதாக வேதாகமம் சொல்லும் பேழைக்குள் விலங்குகள் எவ்வாறு உயிர்பிழைத்தன என்று கேட்பதை விசுவாசக் குறைவாகக் கருதும் வழக்கம் நம்முடைய சபைகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. ஞாயிறு பாடசாலையில் ஒரு பிள்ளை அதைக் கேட்டால், கடவுளால் ஆகாதது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். கடவுளால் ஆகாதது ஒன்றுமில்லை என்பதை நானும் முழு மனதோடு நம்புகிறேன். ஆயினும் திருச்சபையின் மிகப் பெரிய ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை அவ்வாறு ஒதுக்கிவிடவில்லை. அவர்கள் பேழையின் முழக்கணக்கைப் பார்த்தார்கள், தீவனத்தைப் பற்றி யோசித்தார்கள், கடல் சூழ்ந்த தீவுகளுக்கு ஓநாய்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று கவலைப்பட்டார்கள். கொழும்பில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வேதாகமம் கற்பித்துவரும் எனக்கு, அந்த நீண்ட உரையாடலைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் வெகுநாளாக இருந்தது. தீவு ஒன்றில் வாழும் நமக்கு அதில் தனிப்பட்ட பங்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் ஆதியாகமம் என்ன சொல்கிறது என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் நம்மில் பலருடைய நினைவில் இருப்பது சிறுவர் படப்புத்தகத்தில் கண்ட கதையே. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். அதற்கு மூன்று தட்டுகள். ஒரு முழத்தை ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் என்று கொண்டால், 135 மீற்றர் நீளமும், மூன்று தட்டுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 9,100 சதுர மீற்றர் தரையும் கிடைக்கின்றன. மழை 40 நாள் பெய்தது என்பதையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நோவாவின் 600ஆம் வயதில் இரண்டாம் மாதம் 17ஆம் நாளில் தொடங்கிய வெள்ளம் வற்றிப் பூமி காய்ந்தது அடுத்த ஆண்டின் இரண்டாம் மாதம் 27ஆம் நாளில்தான். அப்படியானால் உயிர்கள் ஓராண்டுக்கும் மேலாக உள்ளே இருந்தன. ஆறாம் அதிகாரம் ஒவ்வொரு வகையிலும் ஒரு சோடி என்கிறது. ஏழாம் அதிகாரம் சுத்தமான மிருகங்களிலும் ஆகாயத்துப் பறவைகளிலும் எவ்வேழு சோடி என்கிறது. வெளியே மாண்டவை எவை என்று சொல்லும்போது, வெட்டாந்தரையில் நாசியால் சுவாசித்தவை என்று வேதம் எல்லை வகுக்கிறது. ஆகவே மீன்களைப் பற்றிய கேள்வி பேழைக்குள் எழுவதில்லை. இவற்றுக்கு நடுவே, எல்லா உயிர்களுக்கும் ஆகாரமாகும்படி சகலவித உணவையும் சேர்த்து வைத்துக்கொள் என்று நோவாவுக்கு இடப்பட்ட கட்டளையும் இருக்கிறது. படப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வரி அது.

இரண்டாம் நூற்றாண்டில், பழைய ஏற்பாட்டை மறுத்த மார்சியோனின் சீடராக இருந்த அப்பெல்லஸ் என்பவர், இந்த அளவுள்ள பெட்டிக்குள் நான்கு யானைகளைக்கூட அவற்றின் தீவனத்தோடு அடைக்க முடியாது, எனவே இந்தக் கதை பொய் என்று வாதிட்டார். அவருக்கு மறுமொழி சொன்னவர் அலெக்சாந்திரியாவின் ஓரிகன். மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களிலும் தேர்ந்தவர் என்பதால், அவர் குறிப்பிட்டது வடிவக்கணித முழம் என்றும், அந்த எண்களைத் தம்மோடு தாமே பெருக்கிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அவ்விதமாக 300 முழம் 90,000 முழமாகிறது. அதை அப்படியே நீளமாக எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 40 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து களுத்துறையை எட்டும் தூரம். இந்த விளக்கத்தை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பிரசங்கத்தில் என் மனத்தைத் தொட்ட ஒன்று உண்டு. அடித்தட்டு கழிவுகளுக்கு, அதற்கு மேலுள்ள தட்டு தீவனத்துக்கு, அதற்கும் மேலே காட்டு மிருகங்களுக்கு என்று ஓரிகன் பேழைக்குள் இடம் பிரிக்கிறார். விலங்குகளும் மனிதர்களும் அந்தத் துர்நாற்றத்தால் துன்புறக் கூடாது என்று அவர் யோசித்திருக்கிறார். வேதத்தின் ஆழ்ந்த மறைபொருளைத் தேடியே புகழ்பெற்ற ஒருவர், சாணம் எங்கே போனது என்ற கேள்வியைத் தாழ்வானதாக நினைக்கவில்லை.

நான்காம் நூற்றாண்டில் சிரியாவின் புனித எப்ரேம், யானைகள் கிழக்கிலிருந்தும் குரங்குகளும் மயில்களும் தெற்கிலிருந்தும் ஒரே நாளில் பேழையை நோக்கிப் புறப்பட்டு வந்ததாக எழுதினார். கிழக்கும் தெற்கும் என்று அவர் சொல்லும் திசையில்தான் நாம் வாழ்கிறோம் என்பதால், அந்த வரிகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

எனினும் இந்தப் பொருளில் நான் திரும்பத் திரும்ப நாடுவது புனித அகுஸ்தீனாரை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கடவுளின் நகரம்’ என்ற பெருநூலின் பதினைந்தாம் பகுதியில் அவர் பேழையின் கொள்ளளவைப் பற்றிப் பேசுகிறார். ஓரிகனின் முழக்கணக்கை ஒரு வழியாக எடுத்துச் சொல்கிறார். நோவா மிருகங்களைத் தேடிப் பிடிக்கவில்லை, அவை கடவுளின் ஏவுதலால் தாமாக வந்தன என்கிறார். ஊன் உண்ணும் மிருகங்கள் பசி வந்தபோது பழங்களை உண்டு வாழ்ந்திருக்கக்கூடும் என்றும் சொல்கிறார். அடுத்த பகுதியில்தான் அவர் நம்முடைய கேள்விக்கு வருகிறார். வெள்ளத்துக்குப் பிறகு எல்லா உயிர்களும் பேழையிலிருந்தே பரவின என்றால், தூரத்துத் தீவுகளில் ஓநாய் போன்ற விலங்குகள் எப்படி வந்தன? மனிதர் வளர்க்கும் பிராணிகளைப் பற்றியும், தவளைகளைப் போலப் பூமியிலிருந்து தாமே தோன்றுவதாக அக்காலத்தவர் நம்பிய உயிர்களைப் பற்றியும் சிக்கல் இல்லை என்று அவற்றை அவர் விலக்கிவிடுகிறார். எஞ்சியவை அருகிலுள்ள தீவுகளுக்கு நீந்தியிருக்கலாம். வேட்டையாடும் ஆசையால் மனிதர் கொண்டுபோயிருக்கலாம். கடவுளின் கட்டளையால் தேவதூதர் கொண்டுசேர்த்திருக்கலாம். இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால், ஆதியில் நடந்ததுபோல அந்தத் தீவுகளின் மண்ணிலிருந்தே அவை மறுபடியும் தோன்றியிருக்கலாம் என்கிறார். அப்படியென்றால் பேழை எதற்கு? இனங்களைக் காப்பாற்றுவதற்கு என்பதைவிட, பல இனத்து மக்கள் ஒரே திருச்சபைக்குள் வருவதை முன்கூட்டிக் காட்டுவதற்காகவே எல்லா வகை விலங்குகளும் அதில் ஏற்றப்பட்டன என்பது தெளிவாகும் என்று அவர் முடிக்கிறார்.

இந்த இடத்தை வாசித்துவிட்டு நான் நெடுநேரம் யோசித்ததுண்டு. விலங்குகள் பிழைத்ததற்குப் பேழை மட்டுமே காரணம் என்று சொல்லாமலேயே ஒருவர் வேதத்தை முழுமையாக நம்ப முடியும் என்பதை, டார்வினுக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பு, மேற்குத் திருச்சபையின் தலைசிறந்த ஆசிரியர் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதியிருக்கிறார். தீவுகளைப் பற்றிய ஐயம் நவீன விஞ்ஞானம் கிளப்பிவிட்ட குழப்பம் என்று சொல்பவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

ஐரோப்பியர் அமெரிக்காவைக் கண்ட பிறகு அந்த ஐயம் பெரிதாக வளர்ந்தது. பெரு நாட்டில் ஊழியம் செய்த இயேசு சபைக் குரு ஹோசே தே அகோஸ்தா 1590இல் வெளியிட்ட நூலில், கப்பலில் யாரும் ஏற்றிச் செல்ல விரும்பாத நரிகளும் ஓநாய்களும் அங்கே எப்படி வந்தன என்று கேட்டார். இரண்டு உலகங்களும் எங்கோ ஓரிடத்தில் ஒட்டியோ மிக நெருங்கியோ இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். பெருவில் மட்டும் வாழ்ந்து வேறெங்கும் காணப்படாத மிருகங்களைப் பற்றிய கேள்வி அவருக்கு இன்னும் கடினமாக இருந்தது. இங்கிலாந்தில் ஜோன் வில்கின்ஸ் என்ற ஆயர் 1668இல் கணக்குப் போட்டார். புல் தின்பவற்றை மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் சமமாகவும், ஊன் தின்பவற்றை ஓநாய்களுக்குச் சமமாகவும் எடுத்துக்கொண்டு, ஊன் தின்பவற்றுக்கு இரையாக நாளொன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் 1,825 செம்மறிகளை ஏற்றினாலும் இடம் மிஞ்சும் என்று காட்டினார். அத்தனாசியுஸ் கிர்ச்சர் 1675இல் இதற்கென்றே ஒரு பெரிய படநூலை வெளியிட்டு, சில விலங்குகளை வெள்ளத்துக்குப் பின் தோன்றிய கலப்பினங்கள் என்று கூறிப் பட்டியலைச் சுருக்கினார். அவர்கள் அறிந்திருந்த இனங்கள் சில நூறு மட்டுமே. இன்று பாலூட்டிகள் மட்டும் 6,000க்கு மேல் என்றும் பறவைகள் 10,000க்கு மேல் என்றும் அறிகிறோம். அந்தக் கணக்கு அப்படியே நிற்க முடியாது.

வில்கின்ஸின் காலத்திலேயே வேறொரு வழியும் திறந்தது. பிற்பாடு ஆயரான எட்வர்ட் ஸ்டில்லிங்ஃபிளீட் 1662இல், மனிதர் அனைவரும் வெள்ளத்தில் அழிந்தார்கள் என்பதை உறுதியாக ஏற்றுக்கொண்டே, மனிதர் குடியேறாத நிலங்களில் வாழ்ந்த விலங்குகளும் அழிய வேண்டியதில்லை என்று எழுதினார். வெள்ளம் மனிதர் வாழ்ந்த நிலப்பரப்பை மட்டும் மூடியது, பேழையில் ஏறியவை அந்த நிலத்தின் விலங்குகள் என்ற விளக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1823இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் புவியியல் கற்பித்த குருவானவர் வில்லியம் பக்லண்ட், குகைகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு உலகளாவிய வெள்ளத்தை நிறுவ முயன்றார். ஆதாரங்கள் பெருகப் பெருக, 1836இல் அந்தக் கருத்தைத் தாமே கைவிட்டார். ஸ்கொட்லாந்தின் உறுதியான சுவிசேஷ விசுவாசியான ஹியூ மில்லரும் வெள்ளம் ஒரு பிரதேசத்துக்கு உரியது என்றே எழுதினார். தேவாலயத்தை வெறுத்தவர்கள் அல்லர் இவர்கள். ஞாயிறுதோறும் அதே சங்கீதங்களைப் பாடியவர்கள்.

இன்று கொழும்பின் பல சபைகளில் பிள்ளைகள் கேட்கும் விளக்கம் இதற்குப் பின்னர் வந்தது. 1961இல் அமெரிக்காவில் ஜோன் விற்கோம்ப்பும் ஹென்றி மோரிஸும் எழுதிய நூல், உலகம் முழுவதையும் மூடிய வெள்ளத்தை மீண்டும் முன்வைத்தது. அந்த வழியில் வந்தவர்கள் வேதம் சொல்லும் ‘வகை’ என்பது இன்றைய உயிரியல் இனத்தைவிடப் பரந்தது என்கிறார்கள். நாய், ஓநாய், நரி யாவும் ஒரே வகை. ஆகவே சுமார் 1,400 வகைகளும் 7,000க்குக் குறைவான உயிர்களும் போதும். பெரிய விலங்குகளில் குட்டிகளை ஏற்றியிருக்கலாம், பல விலங்குகள் நீண்ட உறக்கத்தில் ஆழ்ந்திருக்கலாம், வெள்ளத்துக்குப் பின் வந்த பனிக்காலத்தில் கடல் தாழ்ந்து நிலப்பாலங்கள் தோன்றியிருக்கலாம் என்பன அவர்களுடைய மற்ற விளக்கங்கள். கென்டக்கி மாநிலத்தில் 2016இல் பேழையை முழு அளவில், சுமார் 155 மீற்றர் நீளத்தில், கட்டித் திறந்தும் வைத்திருக்கிறார்கள்.

என் மனைவியின் தம்பி வெள்ளவத்தையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். இந்த விளக்கத்தை மனமார ஏற்பவர். “அத்தான், ஒரு வசனத்தை உவமை என்று விட்டால், நாளைக்கு உயிர்த்தெழுதலையும் உவமை என்பார்கள்” என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், ஏனெனில் அது வேதத்தின் மேலுள்ள அன்பிலிருந்து வருகிறது. ஆனால் அவருடைய விளக்கத்தை ஏற்க எனக்குள்ள தடை விஞ்ஞான நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று. இந்தத் தீவின் உயிர்களே அதற்குக் காரணம்.

சிங்கராஜா வனத்திலும் தென்மேற்கின் ஈரவலயக் காடுகளிலும் வாழும் செந்தேவாங்கை எடுத்துக்கொள்வோம். உலகில் வேறெங்கும் அது இல்லை. மரக்கிளையைப் பற்றிப் பற்றி மெதுவாக நகரும், பெரும்பாலும் பூச்சிகளைத் தின்று வாழும், இரவில் மட்டும் வெளிவரும் சிறு உயிர் அது. பேழை தங்கியதாக வேதம் சொல்லும் அரராத் மலைத்தொடரிலிருந்து இங்கே சுமார் 5,000 கிலோமீற்றர், இடையில் பாலைநிலங்கள். பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது என்பதும், கடைசிப் பனியூழியின் உச்சத்தில் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தபோது நம் தீவு இந்தியாவோடு இணைந்திருந்தது என்பதும் உண்மை. ஆகவே கடலைக் கடந்தது பெரிய சிக்கல் இல்லை. வழியெங்கும் ஒரு செந்தேவாங்கைக்கூட விட்டுவைக்காமல், இந்தக் காடுகளுக்கு மட்டும் அது ஏன் வந்து சேர்ந்தது என்பதே சிக்கல். அகோஸ்தா பெருவின் மிருகங்களைப் பற்றிக் கேட்டதும் இதையேதான்.

நம்முடைய மரத்தவளைகளின் செய்தி இன்னும் நுட்பமானது. இங்கே மட்டும் வாழும் புதர்த்தவளை இனங்கள் பல டசின் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நீரில் தலைப்பிரட்டையாக வளர்வதில்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ந்து, சிறு தவளையாக வெளிவருகின்றன. ஒரே மலையின் ஒரே சரிவுக்கு உரிய இனங்களும் அவற்றில் உண்டு. எங்கள் ஓடைகளின் நன்னீர் நண்டுகளில் ஏறத்தாழ எல்லாமே இந்தத் தீவுக்கு மட்டும் உரியவை. நண்டு நாசியால் சுவாசிப்பதில்லை, ஆகவே பேழைக்கு வெளியே பிழைத்திருக்கும் என்று சொல்லலாம். ஆனால் மலையோடையில் முட்டையைச் சுமந்து குஞ்சைச் சுமந்து வாழும் அந்த உயிர், உலகமே ஓராண்டு ஒரே கடலாக இருந்தால் எப்படித் தாங்கியிருக்கும்? ஒரு மூலச் சோடியிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் இத்தனை இனங்களும் பிரிந்தன என்றால், எந்தப் பரிணாம உயிரியலாளரும் கேட்கத் துணியாத வேகத்தை நாம் கேட்கிறோம். தவளைகளைப் பற்றிச் சிக்கல் இல்லை என்று கடந்துபோன அகுஸ்தீனார், நக்கிள்ஸ் மலையில் ஓர் இரவு தங்கியிருந்தால் அவற்றுக்கும் ஓர் அதிகாரம் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

தீவனத்தைப் பற்றியும் ஒரு சொல். வளர்ந்த ஆசிய யானை ஒன்று நாளுக்குச் சுமார் 150 கிலோ தின்னும். இரண்டு யானைகளுக்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ 110 தொன் வேண்டும். கொழும்பின் புறநகர்க் கூரைகளில் தாவும் ஊதாநிற முகங்கொண்ட மந்திக்கோ இலையே முதன்மை உணவு. உலர்ந்த புல்லைக் கொடுத்து அதைக் காப்பாற்ற முடியாது. தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, காலையில் தீவனம் வந்து இறங்குவதையும் அதைத் தனித்தனியாகப் பங்கிடுவதையும் கவனிக்கச் சொல்வேன். எட்டுப் பேர் இந்த வேலையை ஓராண்டு செய்தார்கள் என்று வேதம் சொல்கிறது என்பதை அங்கேதான் பிள்ளைகள் உணர்ந்துகொள்கிறார்கள்.

ஆகவே என் முடிவு இது. மெசொப்பொத்தேமியாவின் ஆற்றுச் சமவெளியில் உண்மையாகவே நிகழ்ந்த ஒரு பேரழிவின் நினைவு, உலகம் முழுவதையும் தழுவும் மொழியில் ஆதியாகமத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மொழி வேதத்துக்குப் புதியதன்று. யோசேப்பின் நாளில் பூமியெங்கும் இருந்து மக்கள் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தார்கள் என்று அதே நூல் சொல்வதை, அமெரிக்காவிலிருந்தும் வந்தார்கள் என்று நாம் பொருள்கொள்வதில்லை. 1872இல் ஜோர்ஜ் ஸ்மித் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஒரு களிமண் பலகையில், பெட்டகமும் மலையில் தட்டியதும் பறவையை அனுப்பியதும் அடங்கிய பாபிலோனியக் கதையைக் கண்டெடுத்தார். அந்த மரபில் மனிதரின் இரைச்சல் பொறுக்காமல் தெய்வங்கள் வெள்ளத்தை அனுப்புகின்றன. பின்னர் பசியால் வாடி, பலியின் வாசனையை முகர்ந்து ஈக்களைப்போல மொய்க்கின்றன. அவ்வாறு சொல்லப்பட்டுவந்த ஒரு நினைவை எடுத்து, நீதியும் இரக்கமும் உள்ள ஒரே கடவுளின் கதையாக ஆதியாகமம் சொல்கிறது. பிரதேச வெள்ளம் என்றால் நோவா ஏன் நடந்தே வேறு நாட்டுக்குப் போகவில்லை, பறவைகளை ஏன் ஏற்ற வேண்டும், உயர்ந்த மலைகளெல்லாம் மூடப்பட்டன என்று ஏன் சொல்லப்பட்டிருக்கிறது என்று என் மைத்துனர் கேட்பது நியாயமான கேள்வி. பேழையின் பணி இனத்தைக் காப்பது மட்டுமன்று என்ற அகுஸ்தீனாரின் விடையையே நானும் சொல்கிறேன்.

அந்த வேறு பணி என்ன என்பதை 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூடியபோது ஓரளவு கண்டேன். சபையிலிருந்து உணவுப்பொதிகளோடு சென்ற எங்களுக்கு, ஆட்டையும் நாயையும் விட்டுவிட்டுப் படகில் ஏற மறுத்து மேல்மாடியில் தங்கியிருந்த குடும்பங்களுக்கும் பொதி கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. சிலர் பொதியைப் பிரித்ததும் முதல் பிடியை நாய்க்கு வைத்தார்கள். எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. தேவன் நோவாவை நினைத்தருளினார் என்று அந்த வசனம் நிற்பதில்லை. பேழையில் இருந்த காட்டு மிருகங்களையும் நாட்டு மிருகங்களையும் நினைத்தருளினார் என்று ஒரே மூச்சில் சொல்கிறது.

எனக்கு இன்னும் தீராத பாரமாக இருப்பது வெளியே மாண்ட உயிர்களின் கேள்வி. மனிதன் செய்த பாவத்துக்கு மான் ஏன் மூழ்க வேண்டும்? விலங்குகள் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை, ஆகவே அவனோடு சேர்ந்து அழிந்தன என்ற பொருளில் பழைய திருச்சபையின் புகழ்பெற்ற பிரசங்கியார் புனித கிறிசொஸ்தோம் பிரசங்கித்தார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இந்த விடை எனக்குப் போதவில்லை. நினிவேயைக் குறித்து யோனாவிடம் பேசிய கடவுள், வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் அறியாத மக்களோடு அங்கேயுள்ள திரளான மிருகஜீவன்களையும் சேர்த்தே எண்ணினார். சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதினார். பேழைக்குள் இடம் இருந்ததா என்று கணக்கிட்ட அளவுக்கு இந்தத் தவிப்பைப் பற்றித் திருச்சபை பேசவில்லை என்பது என் வருத்தம்.

வெள்ளத்தின் அளவைப் பற்றி என் மைத்துனரும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனால் ஒன்பதாம் அதிகாரத்தின் உடன்படிக்கையைப் பற்றி எங்களுக்குள் வேறுபாடு இல்லை. சிறுவர் பாடங்களில் வானவில் நோவாவுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியாகச் சுருங்கிவிடுகிறது. எட்டாம் வசனத்திலிருந்து பதினேழாம் வசனம்வரை வாசித்தால், பறவைகளோடும் நாட்டு மிருகங்களோடும் பூமியிலுள்ள சகல காட்டு மிருகங்களோடும் கடவுள் அதே உடன்படிக்கையைச் செய்கிறார் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பத்து வசனங்களையும் ஒன்றுகூட விடாமல் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்படி, அவர் தம் சபையின் ஆசிரியர்களிடமும் நான் என்னுடைய சபையின் ஆசிரியர்களிடமும் கேட்டிருக்கிறோம்.